பொறுத்துப் பார்க்கலாமா? பச்சிளங்குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களும் அவற்றின் காலக்கெடுகளும்

குழந்தை இன்னும் நடக்கவில்லையே, பேசவில்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதுதான். வீட்டுப் பெரியவர்கள் அதையே சொல்வார்கள். குழந்தையின் தகப்பனே மூன்று வயதில்தான் வாய் திறந்தான் என்று ஒரு சான்றையும் கையோடு வைத்திருப்பார்கள். மருத்துவர்களும் பல வேளைகளில் இதையே சொல்கிறார்கள். இந்தப் பதிலை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் அது சரியாகவே முடிகிறது. அது அடிக்கடி சரியாக முடிவதால்தான், சரியாக முடியாத சில குழந்தைகளின் விஷயத்தில் ஆபத்தானதாகிறது.

இயல்பான வளர்ச்சியின் எல்லை எவ்வளவு அகலமானது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வின்படி, பிடிப்பில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள்ளும் எந்த நேரத்திலும் நிகழலாம். அதாவது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்பதாவது மாதத்தில் நடந்துவிட்டதென்றால், பதினாறாவது மாதத்தில் நடக்கும் குழந்தையிடம் குறை என்று பொருளில்லை. ஏறத்தாழ 4 விழுக்காடு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. எனவே, தேதியை மட்டும் வைத்துப் பார்த்தால், பொறுத்திருக்கச் சொல்பவரின் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் வளர்ச்சிச் சிக்கல் என்பது ஒரே நோயன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு உண்டு. சிலவற்றுக்கு அது நாள்களில், சிலவற்றுக்கு வாரங்களில், வேறு சிலவற்றுக்கு மாதங்களில் முடிந்துபோகிறது. முன்கூட்டியே கண்டறிதல் என்கிற முயற்சியின் சாரமே, எந்த அறிகுறிக்குப் பொறுக்கலாம், எதற்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது என்று பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

மிகக் குறுகிய காலக்கெடு உள்ளவை கண்ணுக்கே தெரியாதவை. பிறவித் தைராய்டு சுரப்புக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தை முதல் சில வாரங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். கருப்பையில் இருந்தபோது தாயின் ஹார்மோன் ஓரளவு காத்திருக்கும். சற்று அதிகம் தூங்குகிறது, மலம் இறுகுகிறது, மஞ்சள் காமாலை வடிய நாளாகிறது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றாது. முகமும் நாக்கும் தடித்து நோய் வெளிப்படையாகத் தெரியும் கட்டத்தில் மூளைக்கு ஏற்பட்ட இழப்பு மீட்க முடியாததாகியிருக்கும். அதே குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி இயல்பாக அமைய மிக நல்ல வாய்ப்புண்டு. பீனைல்கீட்டோனூரியா என்னும் வளர்சிதைமாற்றக் கோளாறும் இத்தகையதே. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளி ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அதைக் கண்டறியும் முறையை உருவாக்கினார்; இன்று பல பத்து நோய்களுக்கு அதே தாள், அதே துளி ரத்தம் பயன்படுகிறது. இவ்வகை நோய்களில் பெற்றோரின் கூர்ந்த கவனிப்போ மருத்துவரின் அனுபவமோ உதவாது. சோதனை செய்தால் தெரியும், செய்யாவிட்டால் தெரியாது.

கண்ணுக்கு வாரக் கணக்கில் காலக்கெடு உண்டு. பிறவிக் கண்புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் சுமார் 6 வார வயதுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் ஏறக்குறைய 8 வார அளவிலும் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதற்குக் காரணம் கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணுக்கு இடம் தருவதில்லை என்பதை ஹூபெல், வீசல் ஆகிய இருவரும் காட்டினார்கள். 1981இல் நோபெல் பரிசில் பங்கு பெற்ற இவர்களது ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பிறந்த குழந்தையின் விழியில் ஒளியைப் பாய்ச்சி, உள்ளிருந்து செந்நிறம் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் அரை நிமிடச் சோதனை போதும், புரை இருப்பதைச் சந்தேகிக்க. கண்மணியின் நடுவிலுள்ள பாப்பா வெண்மையாகத் தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் அங்கே காத்திருப்புக்கு இடமே இல்லை.

செவித்திறன் விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மிக எளிதாக ஏமாந்துபோவது இதில்தான். ஆயிரம் பிறப்புகளுக்கு 1 முதல் 3 குழந்தைகள் வரை நிரந்தரச் செவித்திறன் குறையோடு பிறக்கின்றன. காது கேளாத குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரலெழுப்பும். கதவு அடித்துச் சாத்தப்பட்டால் தரையின் அதிர்வையோ காற்றின் அசைவையோ உணர்ந்து திடுக்கிடவும் செய்யும். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தோம், திரும்பியது என்று பெற்றோர் சொல்வது பொய்யன்று. தட்டிய கையின் அசைவை அது ஓரக்கண்ணால் பார்த்திருக்கும். கேட்கும் குழந்தை பத்தாவது மாதத்துக்குள் ‘பாபா’, ‘மமம’ என்று அசை பிரித்து மழலை பேசத் தொடங்கும்போது, கேளாத குழந்தையிடம் அது வராமல் தங்கிவிடுகிறது. அப்போதுதான் முதல் ஐயம் எழும். அதற்குள் மொழிக்கான மிக வளமான மாதங்கள் கழிந்திருக்கும்.

எனவேதான் செவித்திறனுக்கு 1-3-6 என்னும் கணக்கு வகுக்கப்பட்டுள்ளது: 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் காதொலிக் கருவியோ சைகை மொழியோ பிற உதவியோ தொடங்குதல். தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய முனையைப் பொருத்தி ஒலி எழுப்பினால், உட்காதின் மயிர்க்கலங்கள் அதற்கு எதிரொலியாகத் தாமே நுண்ணிய ஒலி எழுப்பும்; கருவி அதைப் பதிவுசெய்கிறது. பிறந்த முதல் நாளில் காதுக்குழாயில் தங்கியிருக்கும் திரவத்தாலேயே பல குழந்தைகள் இதில் தேறாமல் போகின்றன, மறுசோதனையில் தேறிவிடுகின்றன. இங்கேதான் ஒரு விபரீதம் நடக்கிறது. முதல் முறை தேறாதவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை என்பது பரவலாகத் தெரிந்துவிட்டதால், மறுசோதனைக்கே பலர் வருவதில்லை. வராதவர்களுக்குள் உண்மையில் கேளாத குழந்தையும் இருக்கும். மேலும், காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் கோளாறு இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் சோதனையே பொருத்தமானது. பிறந்தபோது தேறிய குழந்தைக்கும், கருவிலேயே தொற்றிய சைட்டோமெகலோ வைரஸாலோ பின்னர் வந்த மூளைக்காய்ச்சலாலோ கேட்கும் திறன் குறையக்கூடும். பேச்சுத் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும், பிறப்புச் சான்றில் ‘செவி இயல்பு’ என்று எழுதியிருந்தாலும், முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டும்.

உடலசைவு சார்ந்த சிக்கல்களில் கணக்கு வேறு. வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் உடலசைவு குறைபடும் மூளை முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, குழந்தை உட்காரவில்லை, நிற்கவில்லை என்று தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் 12 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில்தான் நோய் உறுதிசெய்யப்பட்டு வந்தது. அயோனா நோவக் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திருத்திய வயதில் (குறைப்பிரசவமானால் முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்த வயதில்) ஆறு மாதத்துக்கு முன்பே பெரும்பாலான குழந்தைகளிடம் இதைத் துல்லியமாகக் கணிக்க முடியும் என்று காட்டியது. மூளையின் எம்.ஆர்.ஐ. படம், ஹேமர்ஸ்மித் முறையிலான 26 கூறுகள் கொண்ட நரம்பியல் பரிசோதனை, குழந்தையின் இயல்பசைவுகளைக் கவனிக்கும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின.

மூன்றாவது முறை எளிமையால் வியக்க வைப்பது. ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய இதில், குழந்தையை யாரும் தொடுவதில்லை, தூண்டுவதில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, அழாமல் விழித்திருக்கும் சில நிமிடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்கிறார்கள். கையில் பொம்மை கூடாது, வாயில் சூப்பான் கூடாது. மூன்றிலிருந்து ஐந்து மாத வயதில் நலமான குழந்தையின் கழுத்து, உடல், மணிக்கட்டு, கணுக்கால் என எல்லாப் பகுதிகளிலும், எல்லாத் திசைகளிலும், சிறியதாய் நளினமாய் ஓர் அசைவு ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். அது அறவே இல்லாமலிருப்பது மூளை முடக்குவாதத்தை முன்னறிவிக்கும் மிக வலுவான அடையாளங்களுள் ஒன்று. பயிற்சி பெற்ற கண்ணுக்கு இது புலப்படும். வேறு கருவி எதுவும் வேண்டாம். குழந்தை எதை எப்போது செய்தது என்பதைவிட எப்படிச் செய்கிறது என்பதே அதிகம் சொல்லும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்படிச் செய்கிறது என்கிற இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். நான்கு மாதம் கடந்தும் கைவிரல்கள் எப்போதும் மூடியே இருப்பது, உடை மாற்றும்போது கால்கள் கத்தரிபோல் விறைத்துக் குறுக்கிடுவது, தூக்கினால் உடல் துவண்டு கைகளுக்கிடையில் நழுவுவது ஆகியவை தேதிக்குக் காத்திராமல் காட்ட வேண்டியவை. இவற்றுள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கை வேறுபாடு. எட்டு மாதக் குழந்தை எல்லாவற்றையும் இடக்கையாலேயே எடுக்கிறதென்றால், இடக்கைப் பழக்கம் என்று வீட்டார் மகிழ்ந்துகொள்வார்கள். ஓராண்டுக்கு முன்பு எந்தக் குழந்தைக்கும் அப்படி உறுதியான கைப்பழக்கம் அமைவதில்லை. அது வலக்கை வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இயக்க நரம்பிழைகள் தொடக்கத்தில் உடலின் இரு பக்கத்துக்கும் செல்கின்றன. எது பயன்படுத்தப்படுகிறதோ அது நிலைக்கிறது, பயன்படாதது பின்வாங்குகிறது. ஆகவே, சும்மா இருக்கும் கை ஒவ்வொரு மாதமும் தனக்குரிய நரம்பு இணைப்பை இழந்துகொண்டிருக்கிறது. வேலை செய்யும் கைக்கு நாளில் சிறிது நேரம் மென்மையான உறை மாட்டிவிட்டு, மற்றக் கையால் விளையாடத் தூண்டும் பயிற்சி முதலாண்டிலேயே தரப்படுவது இதனால்தான்.

பொறுக்கவே கூடாத இன்னொன்று, பச்சிளங்குழந்தை இசிப்பு. மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பெரும்பாலும் தொடங்கும் இந்த வலிப்பு, வலிப்பு என்று யாரும் நினைக்கும் வகையில் இருக்காது. தூங்கி எழுந்த வேளையில் குழந்தையின் தலை சட்டென்று முன்னால் தாழும், கைகள் விரிந்து உயரும், ஓரிரு நொடியில் தளரும். சில நொடி கழித்து மறுபடியும், அதே போல, வரிசையாகப் பத்து, இருபது முறை. இடையிடையே அழுவதால் வயிற்று வலி என்றோ, திடுக்கிடுகிறது என்றோ கொள்ளப்படுகிறது. கூடவே, சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும். முகம் பார்ப்பது குறையும். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்னும் மருத்துவர் தம் சொந்த மகனிடம் கண்ட இந்த அசைவுகளை மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். அவர் பெயராலேயே இந்த நோய்க்குறித்தொகுப்பு இன்று அறியப்படுகிறது. இதற்கு மருந்து உண்டு; தொடங்குவது தாமதமாகத் தாமதமாகக் குழந்தையின் எதிர்கால வளர்ச்சி மோசமாகிறது. கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி இங்கே எந்த விவரிப்பையும்விடப் பயனுள்ளது, ஏனென்றால் மருத்துவரின் அறையில் அந்த அசைவு வராமலே போகலாம்.

சமூகத் தொடர்பு, மொழி ஆகியவற்றின் சிக்கல்கள் இந்த அளவுக்குக் கூர்மையாக வெளிப்படுவதில்லை. ஓராண்டு நிறையும்போது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, தான் பார்த்து வியந்ததைப் பிறருக்கும் காட்டுவதற்காக விரல் நீட்டும் பழக்கம் ஒன்றரை வயதிலும் வராதது, கண்ணோடு கண் பார்ப்பது குறைவது ஆகியவை ஆட்டிசத்துக்கான ஐயத்தை எழுப்பும். வேண்டிய பொருளைக் கேட்க விரல் நீட்டுவதும், வானத்தில் போகும் பறவையைப் பார் என்று காட்ட விரல் நீட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில்தான் அடுத்தவர் மனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் முயற்சி இருக்கிறது. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே பிறர் கண்களைப் பார்ப்பது படிப்படியாகக் குறைந்துவந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு விழியசைவுக் கருவியால் காட்டியது. ஆனால் அது குழுவாகப் பார்த்தபோது தெரிந்த போக்கு; தனியொரு ஆறு மாதக் குழந்தையைப் பார்த்து முடிவுசொல்ல அதைப் பயன்படுத்த இயலாது. தயங்காமல் சொல்லக்கூடியது ஒன்றே: வந்த திறன் ஒன்று, பேசிய சொல்லோ காட்டிய சைகையோ, எந்த வயதிலும் மறைந்துபோனால் அது உடனடி மதிப்பீட்டுக்கு உரியது.

இத்தனையையும் ஒவ்வொரு குழந்தையிடமும் தேடுவதற்குத்தான் வினாப்பட்டியல்கள் இருக்கின்றன. 1967இல் வெளியான டென்வர் சோதனை தொடங்கி, பெற்றோரே நிரப்பும் இன்றைய படிவங்கள் வரை பல உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 9, 18, 30 மாதங்களில் பொது வளர்ச்சிச் சோதனையையும், 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்கான சோதனையையும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கிறது. கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்ற மருத்துவரின் நம்பிக்கை ஆய்வுகளில் நிலைக்கவில்லை. பத்து நிமிடச் சந்திப்பில், அறிமுகமில்லாத அறையில், தடுப்பூசிக்குப் பயந்து அழும் குழந்தையிடம் என்ன தெரிந்துவிடும்?

இந்தச் சோதனைகளின் வரம்பையும் எண்களில் பார்த்துவிடுவது நல்லது. ஆயிரம் குழந்தைகளில் 100 பேருக்கு உண்மையில் சிக்கல் இருக்கிறது என்றும், சோதனை இரு பக்கமும் 80 விழுக்காடு சரியானது என்றும் வைத்துக்கொள்வோம். சிக்கலுள்ள 80 பேரைக் கண்டுபிடிக்கும். 20 பேரைத் தவறவிடும். சிக்கலில்லாத 900 பேரில் 180 பேரையும் ஐயத்துக்குரியவர்கள் என்று காட்டும். ஆக, ஐயப்பட்ட 260 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே உண்மைச் சிக்கல். இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுப்பது வீண் கலக்கத்தை உண்டாக்கும். அதே சமயம் அந்த 20 பேரையும் மறக்கக் கூடாது: சோதனையில் தேறிய பின்னும் பெற்றோரின் கவலை நீங்கவில்லையென்றால், அந்தக் கவலையே மதிப்பீட்டுக்குப் போதிய காரணம்.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, குழந்தைகளில் சரிபாதி பேர் எட்டும் வயதை விடுத்து, 75 விழுக்காட்டினராவது எட்டியிருக்கும் வயதை அளவாகக் கொண்டது; தவழ்தலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. தவழ்தலை நீக்கியதை எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் அளவை மாற்றியதன் நோக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். பாதிப் பேர் எட்டாத வயதை அளவாக வைத்தால், எட்டாத குழந்தையைப் பார்த்துப் பொறுத்திருங்கள் என்று சொல்வதைத் தவிர மருத்துவருக்கு வேறு வழியில்லை. முக்கால்வாசிப் பேர் எட்டிய பின்னும் எட்டாத குழந்தையைப் பற்றி ஏதாவது செய்தாக வேண்டும்.

குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்குகளெல்லாம் திருத்திய வயதில்தான் பொருந்தும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திப் பிறந்தது. எனவே பிறந்து ஆறு மாதமானாலும் அதை ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையாகவே மதிப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் வழக்கம். ஆனால் குறைப்பிரசவம் என்பதே எல்லாத் தாமதத்துக்கும் சமாதானமாகிவிடக் கூடாது. திருத்திய வயதுக்கும் பின்தங்கினால் அது தாமதம்தான், அதிலும் அதிக அபாயமுள்ள ஒரு குழந்தையின் தாமதம்.

ஐயம் எழுந்த பின் நடப்பதில்தான் பல இடங்களில் காலம் விரயமாகிறது. நோயின் பெயர் உறுதியானால்தான் பயிற்சி என்று பலர் காத்திருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அபாய நிலை என்று குறித்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கலாம் என்பதே 2017 வழிகாட்டுதலின் நடைமுறைப் பயன். அந்தப் பயிற்சியும் சிகிச்சையாளர் குழந்தையின் கைகாலை மடக்கி நீட்டுவதாக இருந்தால் பயன் குறைவு; குழந்தை தானே முயன்று எட்ட வேண்டிய பொருளை எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வைத்து, வீட்டில், அன்றாடம், பலமுறை முயலவைப்பதே மூளைக்குப் பாடமாகிறது. மூளை முடக்குவாதம் உறுதியானால் இடுப்பு மூட்டையும் குறித்த இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வர வேண்டும். அத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூட்டு மெல்ல விலகுகிறது, தொடக்கத்தில் வலி இல்லாததால் குழந்தையின் முகத்திலோ அசைவிலோ அது தெரிவதில்லை.